ஐந்தாம் டிரம்

பொம்மனஹள்ளியில் நாங்கள் வேலை பார்த்த தகடு பிரஸ் கம்பெனியில், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், கன்னட ராஜ்யோத்சவ ஊர்வலத்துக்காக முதலாளி மார்பில் கட்டிக்கொண்டு அடிக்கும் ஐந்து பேஸ் டிரம் வாங்கினார். சின்னதிலிருந்து பெரியது வரை ஐந்தும் ஐந்து அளவு, ஐந்து குரல். சொல்லிக்கொடுக்க வந்தவர் ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆளுக்கு ஒரு டிரம், ஒரு முறைக்கு ஓர் அடி. ஒன்றாம் டிரம்மில் தொடங்கும் அடி கை மாறிக் கை மாறி ஐந்தாவதில் போய் விழ வேண்டும். கேட்பவருக்கு ஒரே ஆள் வாசித்த மாதிரி இருக்க வேண்டும். ஒருவர் தவறினால் அங்கே ஓட்டை.

பத்து நாளில் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. போகும்போது என்னைக் காட்டி, "இவர் எண்ணிக்கை வுடறதில்ல. யாருக்கு எந்த டிரம்னு இவரே முடிவு பண்ணட்டும்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் எதிரில் வாய் திறக்க மாட்டேன். பேசாதவன் எண்ணிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாரோ என்னவோ.

அன்று சாயங்காலம் என் மனைவியின் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கூடவே நடந்து வந்தார். பல வருடங்களாகப் பெரிய பிரஸ்ஸில் நின்றவர். அந்தச் சத்தத்தில் அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எங்கள் இருவருக்கும்தான் அது தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கப்பட்ட இரண்டு பேர் பிறகு கேட்டுக்கு வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

"மச்சான், நீங்க இந்தத் தடவ வேணாமே" என்றேன்.

"இன்னா?"

"வேணாம்னு சொன்னேன்."

"நான் எடுக்கலன்னா ஏன் எடுக்கலன்னு கேப்பானுங்க மாப்ளே. இருக்கறதிலயே நான்தான் பலசாலி, பெருசு எனுக்குதான்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க. அதக் குடுத்துரு, போதும்."

கொடுத்தேன். அவருக்கு இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதனால் தோளோடு தோளாக நடக்கும் வரிசையின் வலது ஓரத்தில் அவரை நிறுத்தி, நாலாம் டிரம்மை அவருக்கு இடப்பக்கம் வைத்தேன். அதை வாசித்த வெல்டர் கோலை உயரத் தூக்கி அடிப்பவர். அந்தக் கோல் இறங்குவதை ஓரக்கண்ணால் பார்த்து மச்சான் தன் அடியைப் போடுவார். நடுவில் மூன்றாவது எனக்கு. காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. கம்பெனி மைதானத்தில் இரண்டு வாரம் பழகினோம். ஓர் அடி தவறவில்லை.

"இந்த யானைக்கு யாருப்பா தாளம் கத்துக் குடுத்தது?" என்பார் வெல்டர். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து மச்சானும் சிரிப்பார்.

ஊர்வலத்தன்று காலையில், யாரையும் குரு என்றே கூப்பிடும் கன்னடக்கார சூப்பர்வைசர் வந்து, "ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க குரு. பக்கத்துச் சந்துல போலாம். சிங்கிள் லைன், எல்லாரும் ரைட் டர்ன்" என்றார்.

நான் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். எல்லோரும் வலது பக்கம் திரும்பினால் வலது ஓரத்து ஆள் முதல் ஆள். நாலு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவோம். வரிசையை அப்படியே மாற்றி நிறுத்தினால் அவர் கடைசியில் வருவார், முன்னால் இருக்கும் கோலைப் பார்ப்பார். அரை நிமிட வேலை. ஆனால் ஏன் என்று கேட்பார்கள். வாயைத் திறந்தேன்.

"ஏனப்பா, சொல்லு" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணுமில்ல சார்."

சந்தில் முதல் முறை நாலு அடி விழுந்தது. ஐந்தாவது வரவில்லை. அடுத்த முறை அது நடுவில் வந்து விழுந்தது. மச்சான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெரிய டிரம்மைக் கட்டிக்கொண்டு அதற்கு மேல் திரும்ப முடியாது.

"யோவ் யானை, தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து வெல்டர் கத்தினார். வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. என் முறை வந்தபோதெல்லாம் நான் சரியாக அடித்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

"ஸ்டாப்!" என்றார் பின்னால் வந்துகொண்டிருந்த சூப்பர்வைசர்.

நாலு பேரும் நின்றோம். மச்சான் போய்க்கொண்டே இருந்தார். எங்கள் அடியை மனதில் எண்ணிக்கொண்டு, தன் அடியைப் போட்டபடி, தனியாக. சூப்பர்வைசர் மறுபடி கத்தவில்லை. அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் பெரிய பிரஸ்ஸில் வேறு ஆள் நின்றார். மச்சானை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பொங்கலுக்குள் அதுவும் போயிற்று.

என்னை ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ளே, நீங்கல்லாம் நின்னப்புறம் நான் எவ்ளோ தூரம் போனேன்?" என்றார்.

பதினோரு தப்படி. டிரம்மில் மூன்று அடி.

"கவனிக்கல மச்சான்" என்றேன்.

"இன்னா?" என்று இடது காதை என் பக்கம் திருப்பினார்.

அடுப்பண்டை என் மனைவி கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அதையே இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.