கறுத்த கடலை

சன்குங் தார்போவுக்குத் தன் அண்ணன் ஃபமாராமேல் முப்பது வருஷத்துக் கோபம் ஒன்று இருந்தது. பத்து வயதில், பொறுக்கிக் குவித்த நிலக்கடலையிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டதற்கு அண்ணன் விட்ட அறையால் வந்தது அது.

"சந்தைக்குப் போற சரக்குடா அது, வெளங்காதவனே!"

ஆற்றங்கரை ஊர்களில் அதுதான் வழக்கம். திரண்ட கடலை மூட்டையில் ஏறும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பூத்தது எல்லாம் வீட்டு உரலுக்கு. அதை இடித்து வைத்த குழம்பு லேசாகக் கசக்கும். யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

அப்பா செத்த பிறகு வீட்டைச் சுமந்தவன் ஃபமாரா. உழுதான், கழுதை வண்டி ஓட்டினான், மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்தான். வயலுக்கு ஆள் வேண்டுமென்று சன்குங்கின் படிப்பை நாலாம் வகுப்போடு நிறுத்தினான். அந்தக் கோபமும் முதல் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

நாற்பத்தெட்டு வயதில் ஃபமாராவுக்கு வயிறு ஊதியது. கைகால் குச்சியாக வற்றிப்போக, கண் மஞ்சளானது. டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஈரலில் பெரிய கட்டி, அறுக்க முடியாது என்றார்கள். நர்ஸ் நீமா சன்குங்கைத் தனியே கூப்பிட்டாள்.

"இங்கயே சொல்லும்மா, ஈரல் என்னோடதுதானே," என்றான் ஃபமாரா.

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "ஈரலுக்குள்ள காவக்காரங்க மாதிரி செல்லுங்க இருக்குண்ணே. ரத்தத்துல வர்ற கிருமி, கெட்டுப்போன செல்லு, எல்லாத்தையும் புடிச்சு முழுங்கிடும். உங்களுக்குச் சின்ன வயசுலேயே காமாலைக் கிருமி ஒட்டியிருக்கு. பூசணக் கடலையோட விஷம் வேற. இத்தனை வருஷம் மல்லுக்கட்டி அந்தக் காவக்கார செல்லுங்க ஓஞ்சுபோச்சு. இப்ப கட்டி அதுங்களையே தன் பக்கம் வளைச்சுக்கிச்சு."

"நமக்காகக் கடலை நிறுக்க வந்த எடைமேடை ஆளு வியாபாரி பக்கம் சாஞ்ச மாதிரியா?"

நீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சன்குங்கைப் பார்த்துச் சொன்னாள். "ஒரே வீட்டுல வளந்தவங்க. உங்களுக்கும் அந்தக் கிருமி இருக்கலாம். ரத்தம் குடுத்துப் பாருங்க. இருந்தா மாத்திரையால அடக்கி வைக்கலாம்."

"எனக்கு ஒண்ணும் கெடையாது," என்று சன்குங் வெளியே வந்துவிட்டான். வேப்பமரத்தடியில் கழுதையை வண்டியில் பூட்டத் தொடங்கினான்.

திரும்பும் வழியில் வண்டியிலேயே கேட்டுவிட்டான். "அன்னிக்கு நல்ல கடலையத் தின்ன விட்டிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?"

ஃபமாரா கழுதையின் காதுகளைப் பார்த்தபடி சொன்னான். "தெரியலடா. சத்தியமாத் தெரியாமப் போச்சு."

அதோடு விட்டிருக்கலாம். சன்குங் வீட்டுக்கு வந்தும் புலம்பினான். அண்ணி சிரா உலக்கையைக் கீழே போட்டாள்.

"ஒரே தட்டைச் சுத்தி உக்காந்துதானே தின்னீங்க, கொழுந்தனாரே? வறுத்த கடலையில கறுத்ததையெல்லாம் அவரு தன் பக்கம் தள்ளிக்குவாரு. ஒரு நாளாவது கண்டீங்களா?"

சன்குங் கண்டதில்லை.

மழை தொடங்குவதற்குள் ஃபமாராவுக்குக் கஞ்சித் தண்ணீரும் இறங்காமல் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த சன்குங்கின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு டவுனுக்குப் போ. எம் புள்ளைங்க, உம் புள்ளைங்க, எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கோ. ரத்தம் எடுக்கச் சொல்லு."

"சரிண்ணே."

"ஊசியப் பாத்தா சின்னதுங்க ஓடும். நீ மொதல்ல கைய நீட்டு."

"எனக்குப் பயமாருக்குண்ணே."

"தெரியும். பயந்துக்கிட்டே நீட்டுடா."