வலது கையால் ஆடிய ஆட்டங்கள்

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் சட்டை மாட்டும்போது வலது கைக்குப் பொத்தான் அகப்படவில்லை. குனிந்து பார்த்தேன். கை தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். வாய் குழறியது.

மதுரை ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தேன். பேச்சு வந்தது, நடை வந்தது, கை வரவில்லை. அங்கே பயிற்சி கொடுத்த அம்மாள் என் மனைவியிடம், "சும்மா கையத் தூக்கு, நீட்டுன்னு சொன்னா அலுத்துப்போகும். எதையாச்சும் விளையாட வைங்க. ஜெயிக்கணும்னு நெனப்பு வந்தாத்தான் கை போகும்" என்றார்.

வீடு திரும்பியதும் மனைவி ஆள் வைத்து, கூடத்து உத்தரத்தில் ஒரு கிணற்று ராட்டினத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். கயிற்றின் ஒரு முனை என் வலது மணிக்கட்டில் இருக்கும். மறுமுனையை இடது கையால் இழுத்தால் வலது கை மேலே போகும். யாருடைய கையையோ ஏற்றி இறக்குவது போலிருக்கும். வலித்தால்கூடத் தேவலை என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

மத்தியானங்களில் பல்லாங்குழி. புளியங்கொட்டைகளை வலது கையால்தான் அள்ள வேண்டும் என்றாள். அவை விரலிடுக்கில் நழுவித் தரையெல்லாம் ஓடும். அவள் பொறுக்கித் தரமாட்டாள். எல்லா ஆட்டத்திலும் நான்தான் தோற்றேன்.

"ஒரு தடவ விட்டுக்குடுத்தா என்ன?" என்றேன்.

"விட்டுக்குடுத்தா கண்டுபிடிச்சிருவீக. அப்பறம் ஆட ஒக்கார மாட்டீக."

சாயங்காலம் பக்கத்து வீட்டு பாய், ஜவுளிக்கடையிலிருந்து வந்த கையோடு கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வருவார். என் விரலுக்கு ஸ்ட்ரைக்கரைச் சுண்டத் தெம்பில்லை. அவர் ஒரு மரச்சிம்பைச் சீவி, சைக்கிள் டியூப் துண்டால் என் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். தோளை அசைத்து அந்தச் சிம்பால் தள்ளுவேன். காய்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் பொறுமையாகத் தன் முறைக்குக் காத்திருப்பார்.

மாதக்கணக்கில் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் சிம்பு இல்லாமலே ஆள்காட்டி விரல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டியது. கறுப்புக் காய் ஒன்று மெல்ல நகர்ந்து பைக்குள் விழுந்தது. பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"வாத்தியாரே, கை வந்திருச்சு" என்றவருக்குக் கண் கலங்கியது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கோ நடந்ததைப் பேப்பரில் படித்த மாதிரி இருந்தது. அவர் போன பிறகு மனைவி கேட்டாள்:

"ஒங்களுக்குச் சந்தோசமா இல்லையா?"

"தெரியல."

அவள் பாய் விட்டுப்போன காய்களைப் பெட்டியில் போட்டாள். "எனக்கும் தெரியல. ஆஸ்பத்திரியில இருந்தே இப்படித்தான். அழுகையும் வரல, சிரிப்பும் வரல."

அதுவரை அது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு கட்டைவிரலும் நடுவிரலும் வந்தன. மற்ற இரண்டும் மடங்கியே நின்றுவிட்டன. இன்ஸ்டிட்யூட்டை மறுபடி திறந்தேன். மெஷினில் உட்காராமல், பக்கத்தில் நின்று வாயால் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் பாஸ் செய்தார்கள்.

அடுத்த வருடம் அரியக்குடியில் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். அதுவரை வீட்டில் அவள்தான் எனக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்; உப்பு, உறைப்பு என்று எதையும் நான் சொன்னதில்லை. அன்றைக்குப் பந்தியில் நானே சாப்பிட உட்கார்ந்தேன். மூன்று விரலால் எடுத்த சாதத்தில் பாதி வேட்டியில் விழுந்தது. பரிமாற வந்தவர் தயங்கி நின்றார். என் பின்னால் நின்ற மனைவி அவரிடம், "அவுகளே சாப்பிடுவாக. நீங்க ரசம் ஊத்துங்க" என்றாள்.

பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"ரசத்துல உப்புக் கம்மி" என்றேன்.

அவள் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உப்பு வாங்கிவரச் சமையல்கட்டுக்குப் போனாள்.