மேக்னெட்டோவுக்கு மூன்று விலை

ஓர் இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. அந்தப் புரட்டாசியில் அது வியாதியாகவே ஆகிவிட்டது. பி.ஏ. முடித்து மூன்று வருஷமாக மயிலாப்பூர் மாடவீதிகளை அளந்துகொண்டிருந்தவனுக்கு முதல் முறையாக ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. பள்ளிக்கூடப் புத்தகம் போடும் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றும் ஏஜெண்டு வேலை. மாதம் அறுபது ரூபாய், பெட்ரோல் தனி. ஒரே ஒரு நிபந்தனை: சொந்தமாக மோட்டார் சைக்கிள் வேண்டும். அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதை அடையாற்றில் மானேஜர் பங்களாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். ஒன்பது நாள் இருந்தது.

மோட்டார் சைக்கிள் இருந்தது. கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரனுடையதை ஏலத்தில் எடுத்து என் மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்தார். புதிதாகக் கொடுத்ததாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அதன் வயசு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு மைல் ஒழுங்காக ஓடும், சூடேறியதும் இருமும், பிறகு நின்றுவிடும். கூடவே அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "மாப்பிள்ளைக்கு ஒரு உத்தியோகம் ஆகட்டும், அப்புறம் குடித்தனம் வெச்சுக்கலாம்." என் மனைவி தியாகராய நகரில் அவர் கட்டிய புது வீட்டில் இருந்தாள். நான் மயிலாப்பூரில் அண்ணா வீட்டு மாடியறையில் இருந்தேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஆக, அறுபது ரூபாய் என்றால் எனக்கு அவள் என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை வண்டியைச் சிந்தாதிரிப்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கூவம் கரையோரம் ஒரு சந்தில் பாய் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். மயிலாப்பூர் வக்கீல்கள் சிலருடைய மோட்டார்கள் அங்கேதான் போகும். நாற்பது வயசிருக்கும். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், வண்டியைத்தான் பார்ப்பார். அந்தக் குணமே எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்கிறவன்தான் முகத்தைப் பார்க்க மாட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு முறை உதைத்தார், பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்த்தார், மேக்னெட்டோவை வண்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துச் சுற்றினார்.

"இதான் ஐயரே சீக்கு. பொறி அடிக்கிற பொட்டி. பேரிங் போய்க்கீது, முனை தேஞ்சுகீது. பன்னெண்டு ரூபா ஆவும். ரெண்டு நாள்ல குடுத்துடறேன்."

பன்னிரண்டு ரூபாய்! ஒரு குடும்பம் அரைமாதம் சாப்பிடலாம். "விசாரிச்சுட்டு வரேன் பாய், அதை இப்படிக் குடுங்கோ" என்றேன்.

அவர் ஒன்றும் தகராறு செய்யவில்லை. வண்டி அங்கேயே கிடக்கட்டும் என்று ஒரு சாக்கை எடுத்துப் போர்த்தினார். மேக்னெட்டோவைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது மட்டும் சொன்னார்: "யார்கிட்ட வேணா காட்டு. தொறக்க மட்டும் வுடாதே. சத்து பூடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்துப் போக இதென்ன முருங்கைக்கீரையா? உள்ளே ஒன்றும் கெடவில்லை, திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அதனால்தான் திறக்காதே என்கிறான் என்று தீர்மானித்தேன். டிராமில் வீடு திரும்பும் வழியெல்லாம் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

மூன்று இடத்தில் விசாரிப்பது எங்கள் மனிதர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கத்திரிக்காய்க்கு மூன்று கூடை, கூறைப்புடவைக்கு மூன்று கடை. வைரத்தோடு வாங்கினால் அதைக் கழற்றி, கல்லைப் பெயர்த்து, மூன்று பேரிடம் காட்டிவிட்டுத்தான் காதில் போடுவார்கள். என்னையே மூன்று வரன்களில் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள். நான் மூன்றாவது இடமாம், அதைக் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை மவுண்ட் ரோட்டில் பெரிய கண்ணாடி வைத்த ஒரு கம்பெனிக்குப் போனேன். ஆங்கிலோ இந்திய மேஸ்திரி ஒருவர் பொட்டலத்தைப் பிரித்தார், மேலாகப் பார்த்தார், முப்பத்தைந்து ரூபாய் என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். "திறந்து பார்க்காமல் எப்படி முப்பத்தைந்து?" என்று இங்கிலீஷில் சண்டைக்குப் போனேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் நடந்தேன். பன்னிரண்டும் முப்பத்தைந்தும் எப்படி ஒரே சாமானுக்கு விலையாக இருக்க முடியும்? ஒன்று இவன் திருடன், அல்லது அவன் திருடன். இருவருமே திருடராக இருக்கலாம் என்றும் தோன்றியது. இரண்டில் ஒன்று நியாயமாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

வியாழன் முழுவதும் வீணாயிற்று. வெள்ளிக்கிழமை மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்காரன் கிடைத்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்குரூ டிரைவரால் மேக்னெட்டோவைப் பிளந்துவிட்டான். உள்ளே இருந்த சுருளை உருவித் தனியே வைத்தான், லாடம் மாதிரி வளைந்த காந்தத்தைத் தனியே வைத்தான். "நாலு ரூபா குடு சார், பாலிஷ் போட்டாப்ல ஆக்கிடறேன்" என்றான்.

நாலு ரூபாய்! சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. பன்னிரண்டுக்கு நம்பாதவன் நாலுக்கு மட்டும் எப்படி நம்புவது? பிரித்ததைப் பிரித்தபடியே பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு நாலு தெரு தள்ளியிருந்த மாமனார் வீட்டுக்கு நடந்தேன்.

மாமனார் மராமத்து இலாகாவில் முப்பது வருஷம் கான்ட்ராக்டர்களின் பில்லைக் கிழித்தவர். கிணறு, பாலம், சத்திரம் எதுவானாலும் பாதி விலைதான் நியாயம் என்பது அவர் சித்தாந்தம். கூடத்தில் பழைய பேப்பரை விரித்துச் சாமான்களைப் பரப்பினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளே, இதுல என்ன இருக்குங்கறேள்? ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு வளைஞ்ச இரும்பு, ரெண்டு வளையம். பன்னெண்டு ரூபாயா? அடாது. எட்டுக்கு மேல ஒரு தம்பிடி குடுக்கப்படாது."

"நாலுக்கே செய்யறேன்னு ஒருத்தன் சொல்றானே, மாமா?"

"நாலு ரூபாய்க்குச் செய்யறவன் என்னத்தைச் செய்வான்?"

இப்படியே சனி, ஞாயிறு, திங்கள் போயிற்று. இருவருக்கும் வேறு பேச்சே இல்லை. அவர் எட்டு என்பார், நான் ஒன்பது என்பேன், காப்பி வரும், மறுபடி எட்டு என்பார். மூன்று நாளும் அந்தச் சாமான்கள் பேப்பரிலேயே கிடந்தன. கதவோரமாக வந்த என் மனைவி அந்தக் காந்தத்தால் தரையில் சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கினாள். சனிக்கிழமை கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. திங்கட்கிழமை நாலைந்துதான் வந்தன. "இது களைச்சுப் போயிடுத்து போலிருக்கே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் என்னிடம் நேராகப் பேசியதே அபூர்வம், அந்தச் சந்தோஷத்தில் அவள் என்ன சொன்னாள் என்பதை நான் காதில் வாங்கவில்லை. எனக்கு நாள் ஓடுகிறதே என்ற பதைப்பு, அவருக்கு விலை இறங்கவில்லையே என்ற பதைப்பு.

செவ்வாய் காலை, ஒன்பது ரூபாய்க்குப் படிய வைப்பது என்ற முடிவோடு பாயிடம் போய்ப் பையைக் கவிழ்த்தேன்.

அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. காந்தத்தை எடுத்தார். ஒரு ஸ்பேனரை அதன் முனையில் வைத்தார். ஸ்பேனர் ஒரு கணம் தொங்கிவிட்டு விழுந்தது. இன்னொரு முறை வைத்தார், மறுபடி விழுந்தது. அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தினி நாளா தொறந்து கெடக்குது?"

"நாலு நாள்."

"குறுக்கால ஒரு இரும்பு கூடவா வெக்கல?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நான் பி.ஏ.வில் எடுத்த பாடம் பௌதிகம். காந்தத்தைச் சும்மா வைக்கக் கூடாது, இரண்டு முனைக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளாக நாளாக அதன் சக்தி குறையும் என்று பரீட்சையில் படம் வரைந்து எழுதி மார்க்கு வாங்கியவன். பள்ளிக்கூடம் தாண்டாத அந்த மனிதர் சத்து என்ற சொல்லில் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

"இதுக்கு மறுபடி சத்து ஏத்தணும். பெரம்பூர்ல என் சிநேகிதன் ஒருத்தன் கீறான், அவன் மிசின்ல ஏத்துவான். ஒரு வாரம் ஆவும்."

"வியாழக்கிழமை எனக்கு வண்டி வேணும் பாய். வேலையே அதுலதான் இருக்கு" என்றேன்.

அவர் சாமான்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பேரிங்கையும் முனையையும் மாற்றி, இருக்கிற சக்தியோடு பூட்டித் தருவதாகச் சொன்னார். புதன் மாலை கொடுத்தும் விட்டார். "உதைச்சா கிளம்பாது ஐயரே. தள்ளிக்கினு ஓடு, வேகம் வந்தாத்தான் பொறி அடிக்கும். கிளம்பிட்டா நிறுத்தாதே. நின்னுச்சோ, போச்சு." பணத்தை நீட்டினேன். "ஓடாத வண்டிக்கு நான் துட்டு வாங்கறதில்ல. காந்தம் ஏத்துனப்புறம் குடு" என்றார்.

வியாழக்கிழமை லஸ்ஸிலிருந்து ஐம்பது கஜம் தள்ளிக்கொண்டு ஓடினேன். கிளம்பிவிட்டது. சாந்தோம் தாண்டினேன், எதிர்க்காற்று முகத்தில் அடித்தது, வேலை கிடைத்தேவிட்டது என்று நினைத்தேன். அடையாற்றுப் பாலத்தின் மேல் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்தேன். அவ்வளவுதான், அடங்கிவிட்டது. பாலத்தில் கூட்டம், தள்ளி ஓட இடமில்லை. பாலம் தாண்டியபின் ஓடி ஓடிப் பார்த்தேன், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மானேஜர் பங்களா வாசலுக்குத் தள்ளிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். ஒன்பதரை ஆகியிருந்தது.

மானேஜர் வராந்தாவிலிருந்து இறங்கக்கூட இல்லை. கிளப்பிக் காட்டச் சொன்னார். இருபது முறை உதைத்திருப்பேன். பஞ்சகச்சம் கிரீஸில் தோய்ந்தது. கடைசியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்களுக்கு வண்டி ஓட்டுகிறவர் வேண்டும். தள்ளுகிறவர் வேண்டாம்" என்று உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து நேராகத் தியாகராய நகருக்கு வந்தேன். மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே கதவோரம் புடவைத் தலைப்புத் தெரிந்தது. "என்ன ஆச்சு, மாப்பிள்ளே?" என்றார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பாய் ஏமாத்திட்டான், மாமா. நல்ல காந்தத்தை எடுத்துண்டு பழசை வெச்சுட்டான்."

யோசித்துச் சொல்லவில்லை. தயாராக இருந்தது போல வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நான் அப்பவே நெனைச்சேன்" என்று மட்டும் சொன்னார், முகத்தில் ஒரு நிம்மதி. குண்டூசி பொறுக்கியவளுக்கு உண்மை தெரியும். புடவைத் தலைப்பு உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். அதில் எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டேன்.

மாமனார் சாயங்காலம் கடற்கரையில் உலாவப் போகும் கூட்டத்தில் பாதிப் பேர் வக்கீல்கள். எதையும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளும் மனிதர் இல்லை அவர். நாலு நாளில் விஷயம் மயிலாப்பூர் முழுக்கப் பரவிவிட்டது. என்னையே தெருவில் நிறுத்தி, நீர் சொன்னதால் தப்பினோம் ஐயா என்று ஒருவர் கையைப் பிடித்தார். நான் தலையை ஆட்டினேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் பாய் அண்ணா வீட்டு வாசலில் நின்றார். கையில் துணிப் பொட்டலம். நான் அடையாற்றுக்குப் போய்வந்த மறுநாளே கழற்றிக்கொண்டு போயிருந்த காந்தத்தைப் பெரம்பூரில் சத்து ஏற்றிக்கொண்டு வந்து, அங்கேயே உட்கார்ந்து பூட்டினார். ஒரே உதைதான். வண்டி தெரு அதிரக் கிளம்பியது. நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார், இருமவே இல்லை.

"பன்னெண்டுதான் ஐயரே. சத்து ஏத்தினதுக்கு வேணாம், சிநேகிதன் சும்மா செஞ்சு குடுத்தான்."

பன்னிரண்டு ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அவர் மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டு கிளம்பினவர், படியில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். உங்க மயிலாப்பூர் வக்கீல் ஐயாங்க மூணு பேரு இந்த வாரம் வண்டிய பாதி வேலையிலயே எடுத்துக்கினு பூட்டாங்க. இன்னா தப்பு பண்ணேன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ இங்கியேதான கீற, உனுக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாது பாய்" என்றேன்.

சரியென்று தலையசைத்துவிட்டு டிராம் ரோட்டைப் பார்க்க நடந்தார். நீளமான தெரு அது. அவர் மெதுவாகத்தான் நடந்தார். கூப்பிட்டுச் சொல்வதற்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் முனை திரும்பும்வரை பார்த்தபடி நின்றேன்.