சித்தப்பா முடிக்காத வில்லன்

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சித்தப்பா ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார். வீடியோ கேமெல்லாம் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ தானாக விளைகிற பொருள் என்று என் வகுப்பில் எல்லோரும் நினைத்திருந்ததால், எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியின் மொட்டை மாடி அறையில் அது தயாராகிறது என்று நான் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. அப்பா நம்பினார். அதுதான் சிக்கலாகிவிட்டது.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே தையல், நடுவில் நாங்கள், மேலே அந்த அறை. அப்பா முதலாளி, அம்மா செக்கிங், அப்பாவின் தம்பியான சித்தப்பா கட்டிங். சித்தப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே தாத்தா இறந்துவிட்டதால் அவரைப் படிக்கவைத்து ஆளாக்கியது அப்பாதான். இதை அப்பா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மற்ற சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லிக்காட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. சித்தப்பாவும் நானும் மதியம்வரை மாடியில்தான் கிடப்போம். சண்டை போட்டு, பலம் சேர்த்து, அடுத்த கோட்டைக்குப் போகிற விளையாட்டு அது. வீரனுக்கு வாள் வந்துவிட்டது, முகம் இன்னும் வரவில்லை. ஓடினால் கால் ஆடாது, வழுக்கிக்கொண்டே போவான். சில சுவர்களுக்குள் நுழைந்துவிட்டால் மறுபக்கம் உலகமே இருக்காது, விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். படம் வரையத் தெரியாத சித்தப்பா கண்ணில் பட்டதையெல்லாம் போட்டோ எடுத்து உள்ளே போட்டிருந்தார். கோட்டையின் கோபுரங்கள் நூல் கோன்கள். மதில் சுவர் முழுக்க, பனியன் கழுத்துக்கு வைக்கிற வரிவரியான ரிப் துணி. டிராகன் மூச்சு விட்டால் எங்கள் அயர்ன் டேபிளின் ஸ்டீம் சத்தம் கேட்கும். எனக்கு அதைவிட அழகான நாடு வேறு இருக்கவில்லை.

விளையாடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. தப்பைக் காட்ட எங்கள் வீட்டில் ஒரே வழிதான் உண்டு. பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் அம்மா அந்த இடத்தில் அம்புக்குறி மாதிரி வெட்டிய சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். தைத்தவர் அம்பைப் பார்த்துச் சரிசெய்து தருவார். நானும் செக்கிங் டேபிளிலிருந்து ஸ்டிக்கர் தாளைத் தூக்கிவந்து, தப்பு தெரிந்த இடத்தில் மானிட்டர் மேலேயே ஒட்டினேன். வீரன் நகர்ந்து போனதும் அம்பு சும்மா வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சித்தப்பா வயிறு வலிக்கச் சிரித்தார், ஆனால் ஒட்டாதே என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாக உரித்து, "இது எதுக்குங் கண்ணு?" என்று கேட்பார். நான் சொல்லுவேன். அடுத்த ஞாயிறு அது சரியாகியிருக்கும்.

கடைசிக் கோட்டையின் வில்லன் மட்டும் சரியாகவே இல்லை. அவன் வீரனை வெட்டமாட்டான். இரண்டு தோளையும் பிடித்து, அகலமாக இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, பிடிக்காமல் ஓரமாக வீசிவிடுவான். எங்கள் ஊரில் துணியை அப்படித்தான் பார்ப்பார்கள். அப்பாவோ உலகத்தையே அப்படித்தான் பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சட்டையையே இழுத்துப் பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அதனால் வில்லன் யார் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. ஆனால் எவ்வளவு அடித்தாலும், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற அவனுடைய உயிர்க்கோடு மயிரிழைக்கு வந்து நின்றுவிடும், அதற்குமேல் இறங்காது. அம்பு ஒட்டினேன். சித்தப்பா ஒன்றும் கேட்காமல் உரித்துப் போட்டார். அடுத்த வாரமும் ஒட்டினேன். அதையும் உரித்துப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனி, சித்தப்பா அனுப்பிய அரைகுறையைப் பார்த்துவிட்டு அவரை வேலைக்கு வரச் சொன்னது. சித்தப்பா அப்பாவிடம் போய் நின்றார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கட்டிங்க யாரு பாக்கறது?" என்று மட்டும் கேட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. சாப்பிடும்போது சித்தப்பா எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "அவன இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு" என்று அப்பா அம்மாவிடம் சொல்லுவார். அண்ணன் வாயால் போ என்று சொல்லாமல் கிளம்ப சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. இருக்கவும் முடியாமல் கட்டிங் டேபிளில் அளவை மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தோம்.

ஒரு ஞாயிறு மதியம் கறிச்சோறு. யாரும் பேசாமல் சாப்பிட்டது எனக்குத் தாங்கவில்லை. "அப்பா, சித்தப்பா கேம்ல நீங்க இருக்கறீங்க. நீங்கதான் இருக்கறதுலயே பெரிய வில்லன்!" என்றேன். அதைவிட நல்ல செய்தி அன்று என்னிடம் இல்லை.

"கம்முனு சாப்பிடு" என்றார் அம்மா. சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அப்பா எழுந்து கை கழுவிவிட்டு மாடிப்படி ஏறினார். நான் பின்னால் ஓடினேன்.

அப்பாவுக்குக் கீபோர்டு புதிது. ஒவ்வொரு பொத்தானையும் காலிங்பெல் அடிப்பது போல அழுத்தினார். வீரன் ரிப் சுவரில் முட்டிக்கொண்டே நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. வேலை முடியாத கேம் என்பதால், நேராகக் கடைசிக் கோட்டைக்குப் போக ஒரு குறுக்குவழிப் பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டேன். வில்லன் வந்தான். வீரனைப் பிடித்தான், இழுத்தான், வெளிச்சத்தில் பார்த்தான், வீசினான்.

அப்பா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இவென் யாராட்டமோ இருக்கறானே" என்றார் பிறகு. கதவருகே வந்து நின்ற சித்தப்பா தரையைப் பார்த்தார். அவர் பின்னாலேயே ஏறி வந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா பயமா என்று தெரியவில்லை.

அப்பா மறுபடியும் ஆடினார். வீசப்பட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடியும் ஆடினார். எந்த நேரத்தில் விலக வேண்டும் என்று நான் கத்திக் கத்திச் சொல்ல, ஒருவழியாகக் கோடு மயிரிழைக்கு வந்தது. அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். கோடு அசையவில்லை.

"இது ஏங் கண்ணு எறங்க மாட்டீங்குது?"

"அது டிபெக்டுங்கப்பா. நான் ஸ்டிக்கர் ஒட்டுனா சித்தப்பா உரிச்சுப் போட்டுடறாரு. மத்ததெல்லாம் சரி பண்ணீட்டாரு. இவன மட்டும் சாக வெக்கவே மாட்டீங்கறாரு."

அப்பா திரும்பி சித்தப்பாவை நேராகப் பார்த்தார். "ஏண்டா?"

"எழுதிப் பாத்தனுங்கண்ணா," என்றார் சித்தப்பா. "வரலீங்க."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியை ஒழுங்காகத் தள்ளிப் போட்டுவிட்டு, சித்தப்பா பக்கத்தில் போய் நின்றார்.

"என்னைக்கு வரச் சொல்றாங்க?"

"அடுத்த மாசமுங்கண்ணா."

"சரி, போய்ட்டு வா. கட்டிங்குக்கு ஆள் பாத்துக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். படியிறங்கிப் போய்விட்டார். சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. விளையாட்டில் தோற்றுப்போன ஆத்திரத்தில் சித்தப்பாவை ஊரைவிட்டே அனுப்புகிறார் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றார்.

சித்தப்பா போன பிறகும் பல வருஷம், ஒரு வில்லனைச் சாகடிப்பதுதான் கம்ப்யூட்டரில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிராகனைப் பறக்கவைத்த சித்தப்பாவுக்கே வரவில்லையே. கல்லூரியில் நானே கேம் எழுதப் பழகியபோதுதான் அதற்கு ஒரே ஒரு வரி போதும் என்று தெரிந்தது. அப்பாவுக்கு இன்றைக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் சித்தப்பாவுக்கு வராதது அந்த ஒரு வரி இல்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.