சேபரும் சைபரும்

விமானங்கள் மேல் எனக்கு ஒரு மண்ணும் ஆசை இருந்ததில்லை. மச்சானிடம் ஒன்று இருந்தது, என்னிடம் இல்லை. அவ்வளவுதான் விசயம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாமாவின் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது, பத்து. நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் பதினான்காம் மாடியில் கரப்பான்களோடு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது, அவர்கள் மில்லிக்கனில் வீடே வாங்கிவிட்டார்கள். அவனுக்குத் தனி அறை. அதன் முகட்டில், தூண்டில் நரம்பில் ஒரு பிளாஸ்டிக் சேபர் தொங்கியது, அமெரிக்கன் செய்த சண்டை ஜெட்டின் மாதிரி. அவனே ஒட்டிப் பெயின்ற் அடித்தது. வெள்ளி உடம்பு, பின்னுக்குச் சரிந்த இறக்கைகள். பார்க்கப் பார்க்க வயிறு எரியும் அழகு.

"கொரியாச் சண்டையில உது பத்து மிக் விழுத்தினால், மிக் ஒரு சேபர்தான் விழுத்தும். டென் டு வன்! பொக்ஸிலயே போட்டிருக்கு" என்பான்.

மிக் என்றால் ரஷ்யாக்காரன் செய்த ஜெட். அதே காலம், அதே சரிந்த இறக்கை. அன்றிலிருந்து நான் மிக் கட்சி. ரஷ்யா எந்தப் பக்கம் என்று உலகப்படத்தில் தேடியது அதற்குப் பிறகுதான்.

லைப்ரரியில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. சேபர்காரர் விழுத்தியதாக எழுதிவைத்த மிக்குகளில் பல பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தனவாம். எனக்கு லொத்தர் விழுந்த சந்தோசம். அடுத்த பக்கத்தில், மிக்குக்காரரும் விழாத சேபர்களை எல்லாம் விழுத்தியதாகக் கணக்குக் காட்டினார்கள் என்று இருந்தது. அந்தப் பக்கத்தை நான் போட்டோக்கொப்பி எடுக்கவில்லை.

மச்சானின் பிறந்தநாள் செப்டெம்பர் தொடக்கத்து நீண்ட லீவில் வந்தது. பின்வளவில் பார்பிகியூ. பந்தயம் கட்டினோம். நான் வென்றால் சேபர் ஒரு கிழமை என் வீட்டில். அவன் வென்றால், எல்லோர் முன்னாலும் "மிக் குப்பை" என்று நான் கத்த வேண்டும். நீதவான் சின்ன மாமா, மாமாவின் தம்பி. நாலு மாதத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வீட்டு பேஸ்மன்ற்றில் இருந்தார். பொம்மர் பார்த்தவர் என்பதே அவருடைய தகுதி. ஊரில் குண்டு போட வரும் எல்லா விமானத்துக்கும் அதுதான் பெயர்.

கேக் வைத்த மேசையில் சேபரும் இருந்தது. மச்சான் பெட்டியை நீட்டினான். நான் போட்டோக்கொப்பியை நீட்டினேன்.

"உதென்ன பேர், சைபரோ?" என்றார் சின்ன மாமா.

"சேபர், சித்தப்பா!" மச்சானுக்கு அழுகை வந்துவிட்டது.

"சைபர்தான், சைபர்தான்" என்று நான் ஆடினேன்.

"பிள்ளையள், எங்கட ஊரில ஒரேயொரு பொம்மர் விழுந்தது. மூண்டு ஊர்க்காரர் தங்கட வயலிலதான் விழுந்தது எண்டு சத்தியம் பண்ணினவை. ரேடியோக்காரன் ஒண்டுமே விழேல்லை எண்டான். நான் எதை நம்ப? வழக்குத் தள்ளுபடி, கேக்கை வெட்டுங்கோ."

தள்ளுபடி என்றால் சேபர் அவனிடமே இருக்கும். எனக்குக் காது சுட்டது.

ஏரிக்கரையில் அந்த லீவுக்கு விமானக் காட்சி நடக்கும். திரும்புகிற ஜெட்டுகள் சிலவேளை எங்கள் பக்கமும் வரும். சின்ன மாமாவுக்கு அதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

வானம் கிழிந்தது. அடுத்த கணம் நாங்கள் இருவரும் மேசைக்குக் கீழே, எங்களுக்கு மேலே சின்ன மாமா. மேசைவிரிப்போடு சேபரும் எனக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது, கீறல்கூட இல்லாமல்.

"காதைப் பொத்துங்கோ. வாயை ஆவெண்டு வைச்சிருங்கோ" என்றார். கேக் தீத்தப் போகிறார் என்று நினைத்து நானும் ஆவென்றேன்.

"ஒண்டு" என்றார். சத்தம் தூரப் போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு."

நீதவான் மனம் மாறிப் புள்ளி போடுகிறார்!

"மிக்குக்கோ மாமா?"

"ம்" என்றார், என்னைப் பார்க்காமல்.

வென்றுவிட்டேன். ஆனால் மச்சானின் கை அதற்குள் சேபரின் வாலைப் பிடித்துவிட்டது. எனக்கு இல்லையென்றால் உனக்கும் வேண்டாமடா. முழங்காலை வைத்து அழுத்தினேன். டக். இடது இறக்கை.

"டேய், எழும்படா! இது கனடாவடா!" என்று மாமா பெரிதாகச் சிரித்தார். இறைச்சி பிரட்டும் இடுக்கியோடு அவரும் கராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றார். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"சித்தப்பா உடைச்சுப்போட்டார்!" என்று மச்சான் குளறினான்.

சின்ன மாமா முறிந்த இறக்கையைப் பார்த்தார். "மன்னிச்சுக்கொள்ளு மகன். நான்தான்" என்றார். நான் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். எங்கள் குடும்பப் பதிவில் இன்றைக்கும் அந்தச் சேபரை விழுத்தியவர் அவர்தான்.

பின்னேரம் முழுக்க அவர் பசையோடு இருந்து இறக்கையை ஒட்டப் பார்த்தார். அது திரும்பத் திரும்பக் கழன்று விழுந்தது. உடைந்த பிறகும் அதற்குத்தானே இவ்வளவு கவனிப்பு என்று எனக்குப் புதிதாக எரிந்தது.

"மாமா, ஏன் ரெண்டோட நிப்பாட்டினீங்கள்?"

"மூண்டாவது வரேல்லைப் பிள்ளை."

வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினேன்: மிக் 2, சேபர் சைபர்.

நான் யூனிவர்சிற்றிக்குப் போன பிறகுதான், ஏதோ கதையில் அம்மா சொன்னா. ஊரில் பொம்மர் முதல் சுற்றில் இடம் பார்க்குமாம். இரண்டாவதில் கீழே பதியுமாம். மூன்றாவதில்தான் போடுமாம். பங்கருக்குள் இருக்கிறவர்கள் சுற்றைத்தான் எண்ணுவார்களாம். இரண்டோடு போய்விட்டால் வெளியே வந்து தேத்தண்ணி வைப்பார்களாம்.

ஆனால் பத்து வயதில், அந்தப் பிறந்தநாள் இரவு, கொப்பியில் அந்த இரண்டுக்குக் கீழே அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். இன்னும் ஒன்று வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு.