முற்றம் நிறைய ஃபிரிட்ஜ்கள்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு யார் முகத்தையும் முறிக்கத் தெரியாது. புயலன்று ஊருக்குள் புகுந்த கடல் வடிந்ததும், தெருவே தன் ஃபிரிட்ஜைத் தூக்கிவந்து அவர் வீட்டு முற்றத்தில் இறக்கியது. உப்புத் தண்ணீர் குடித்த கம்ப்ரசர் பிழைக்காது என்று பார்த்ததுமே அவருக்குத் தெரியும். ஆனாலும் மனிதர், "வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்று ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. மனைவி திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

அந்த நேரத்தில்தான் பழைய சிநேகிதர் பார்க்க வந்தார். ஒரு காலத்தில் இருவரும் ஒரே சர்வீஸ் சென்டரில் ஒரே ஸ்பேனருக்கு அடித்துக்கொண்டவர்கள். இப்போது சிநேகிதருக்குக் கடலை விட்டுத் தள்ளி ஒரு நகரத்தில் சொந்தப் பட்டறை. பேச்சு எப்போதும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். சுவரில் இடுப்பளவுக்குப் படிந்திருந்த சேற்றுக் கறையைப் பார்த்தார்.

"மூட்டையக் கட்டுடா. பட்டறைக்கு ஆள் வேணும். மாடியும் காலியாத்தான் கிடக்கு. ரெண்டு பேரும் இன்னிக்கே என்கூடக் கிளம்புங்க."

மனைவி உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். மெக்கானிக்குக்கும் ஆசைதான். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே வாசலுக்கு ஓடிக் கடலை எட்டிப் பார்க்கிறார், பாவம்.

"இதையெல்லாம் என்னடா பண்றது? நம்பிக் குடுத்திருக்காங்களே."

"செத்துப்போச்சுன்னு சொல்லு."

"நீ சொல்லேன்."

சொல்லத்தான் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். மெக்கானிக் இருப்பதிலேயே பெரிய ஃபிரிட்ஜாகப் பார்த்து அதன் பின்னால் போய், எதையோ முடுக்குவதுபோல் குனிந்துகொண்டார்.

"அக்கா, உங்க ஃபிரிட்ஜ் இனி ஓடாது. இவன் சொல்ல முடியாம முழிக்கிறான். ஊரை விட்டுப் போறதுக்குள்ள சொல்லிடணும்ல."

அக்கா அசரவில்லை. "ஓடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? என் தையல் மெஷினையே தூக்கிப் போட்டுட்டேன்."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் இங்க கொண்டாந்து வெச்சீங்க?"

அக்கா பாதி அடுக்கியிருந்த பெட்டியைப் பார்த்தாள். "எலக்ட்ரீஷியன் போயிட்டாரு. மருந்துக்கடைக்காரர் போயிட்டாரு. யார் கதவத் தட்டினாலும் பூட்டுத்தான். நம்ம சாமான் இவர் கையில இருந்தா, அதை அப்படியே விட்டுட்டுப் போக மாட்டாருன்னு நெனச்சோம். தெருவே பேசி வெச்சுக்கிட்டுத்தான் செஞ்சோம்."

மெக்கானிக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"போகாதீங்கன்னு வாய்விட்டே கேட்டிருக்கலாமேக்கா" என்றாள் மனைவி.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது தங்கச்சி? இருங்கன்னு சொல்றதுக்கு இங்க என்ன மிச்சம் இருக்கு?"

மனைவி பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

மாலை பஸ்ஸில் சிநேகிதர் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.