சொல்லாமல் எழுந்து போனவர்

ஜெர்மனியில் லிஃப்டில் இரண்டு மாடி சேர்ந்து வந்தவர்கூட இறங்கும்போது ‘ச்சூஸ்’ சொல்லிவிட்டுத்தான் போவார். டாக்டருக்காகக் காத்திருக்கும் அறையிலும் அப்படித்தான், முன்பின் தெரியாத எல்லோரிடமும் சேர்த்து ஒரு விடைபெறல். வந்த புதிதில் சிரிப்பாக இருந்தது. அந்தப் பழக்கம் என் பிழைப்பிலேயே கை வைக்கும் என்று நினைக்கவில்லை.

சங்கராபுரத்தில் நர்ஸாக இருந்த நான் இங்கே மொழித்தேர்வில் தேறினால்தான் நர்ஸ். அதுவரை உதவியாள். இந்த முறை ஒரே மதிப்பெண்ணில் போய்விட்டது, விசாவும் முடியப்போகிறது. அந்த ஒன்று போனது, பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் கேள்வியில். கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார், நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார். அவர் எப்படிப்பட்டவர்? ‘துக்கத்தில் பங்குகொள்பவர்’ என்று நான் குறித்தேன். ‘மரியாதை தெரியாதவர்’ என்பதுதான் அவர்கள் விடை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா இறந்தபோது, அவரோடு கரும்பு வெட்டப் போய்வந்த கூட்டாளி ஒருவர் கல்வராயன் மலையிலிருந்து கொட்டும் மழையில் இறங்கி வந்தார். சாயங்காலம் வரை அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தார். சாவு வீட்டில் யார் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள்? மறுபடி வருவதாகச் சொன்னால் இன்னொரு சாவைக் கூப்பிட்டது போல அல்லவா ஆகும்!

போனில் சொன்னதும் அம்மா கொதித்துவிட்டாள்.

“இன்னாடி இது, எழவு வூட்ல போய்ட்டு வரேன்னு எவனாச்சும் சொல்லுவானா? நேர்ல போய் கேளு. உடாத.”

தேர்வு நடத்தும் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். விடைத்தாளைக் காட்டிய அம்மையார் பொறுமைசாலிதான். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை என்றேன்.

“துக்கத்தில் இருப்பவர்களோடு நீங்கள் பேசவே மாட்டீர்களா?” என்று இரக்கப்பட்டார்.

“பேசுவோம். கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டோம்.”

“அவர் உங்கள் ஊர்க்காரர் என்று பத்தியில் இல்லையே.”

“இந்த ஊர்க்காரர் என்றும் இல்லையே!”

அவர் பத்தியை இன்னொரு முறை படித்தார். பிறகு தாளை மூடினார். விடை மாறாது என்றார்.

எழுந்தேன். விசா, வேலை, அம்மாவிடம் என்ன சொல்வது என்றே மனம் ஓடியது. விடைபெற வாய் வரவில்லை. எனக்கு அந்த அறை அப்போது எழவு வீடாகத்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

“ஔஃப் வீடர்சேன்” என்றார் அவர், பின்னாலிருந்து. மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம்.

அவருடைய விடையை நானே சரி என்று காட்டிவிட்டேன். அம்மா பார்த்திருந்தால் முறையாக எழுந்து வந்தேன் என்பாள். கதவுப் பிடியில் கை வைத்தபடி, திரும்பவும் முடியாமல் வெளியே போகவும் முடியாமல் நின்றேன்.